நூற்று இருபத்தெட்டு மீன்கொத்திகள்

ஐம்பது பறவைகளுக்குக் குறைவாக இருந்தால் ஊர்க் குளம் குளமே அல்ல என்று இயற்கைப் பாதுகாப்பு அலுவலகம் தீர்மானித்தது. குளமல்லாத குளத்தை மண் போட்டு மூடி அலுவலக வண்டிகளை நிறுத்திக்கொள்ளலாம் என்பது தீர்மானத்தின் இரண்டாம் பக்கம். எண்ணித் தரத் தன்னார்வலர்கள் வரவேற்கப்பட்டார்கள்.

தையல்காரம்மா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். தினமும் கடை திறப்பதற்கு முன் அவர் நடப்பது அந்தக் கரையில்தான். கரைமண்ணில் ஒரு பொந்து, அதற்குள் மீன்கொத்திக் குஞ்சுகள். தாயும் தகப்பனும் மாற்றி மாற்றி மீன் தூக்கிக்கொண்டு அலைகிற அலைச்சலைப் பார்த்தால், இரண்டு பிள்ளை வளர்த்த அவருக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். குளத்தை மூடினால் குஞ்சுகள் உயிரோடு மண்ணுக்குள் போய்விடும்.

எண்ணும் நாளில் எழுபது பேர் வந்தார்கள். எல்லோரும் பதினாறு பை வைத்த இலைப்பச்சைச் சட்டை. பச்சை போட்டால் பறவைக்கு ஆள் தெரியாதாம். சட்டைகளைத் தைத்ததும் நம் தையல்காரம்மாதான். பறவைக்குத் தெரியாத எழுபது பேரும் கூவிக் கூவிப் படம் எடுத்துக்கொண்டதில் கொக்கு, நாரை எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பிப் போய்விட்டன.

"அண்ணி, இவ்வளவு பைல என்னத்த வைக்கறது?" என்றாள் நாத்தனார்.

"வாயை வை. கொஞ்ச நேரம் அதுலயே இருக்கட்டும்."

கரையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கணக்கெடுப்பு அதிகாரி, 'பறவைகள் இல்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

"சார், இருங்க! அதோ மீன்கொத்தி!" என்றார் தையல்காரம்மா.

"ஒண்ணு" என்று எழுதினார் அதிகாரி. மீன்கொத்தி பொந்துக்குள் போய் மீனைக் கொடுத்துவிட்டு வெளியே பறந்தது. "ரெண்டு."

"அது அதேதான் சா..." என்ற நாத்தனாரின் காலைத் தையல்காரம்மா நறுக்கென்று மிதித்தார்.

"அதேதான்னு எப்படிச் சொல்றீங்க? அடையாள அட்டை வெச்சிருக்கா?" என்றார் அதிகாரி. "அட்டை இல்லாதது ஒவ்வொரு தடவையும் புதுப் பறவைதான். வர்றது வருகைப் பக்கம், போறது புறப்பாட்டுப் பக்கம். ரெண்டையும் கூட்டணும்."

அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது தையல்காரம்மாவுக்கு. பிறகு ஒரே கொண்டாட்டம். மதியத்துக்குள் முப்பத்திரண்டு வருகை, முப்பத்திரண்டு புறப்பாடு. எதிர்க்கரையில் நின்றவர்களும் அறுபத்துநாலு என்றார்கள். எதிர்க்கரை வேறு கரை என்பதால் அதையும் கூட்டி, நூற்று இருபத்தெட்டு என்று முத்திரை குத்தினார் அதிகாரி. குளம் பிழைத்தது. தையல்காரம்மா நாத்தனாரைக் கட்டிக்கொண்டு குதித்தார்.

மறுவாரம் அதிகாரி கடைக்கே வந்துவிட்டார், கையில் ஓர் ஆணை. இவ்வளவு சிறிய குளத்துக்கு அறுபது பறவைகளே உச்சவரம்பு. உபரியான அறுபத்தெட்டு மீன்கொத்திகளை உடனடியாக அப்புறப்படுத்த வேண்டியது.

"சார், இருக்கறதே ரெண்டுதான் சார்!"

"அப்படின்னே எழுதிக் கொடுங்க. ரெண்டுன்னா அது குளமே இல்ல. நாளைக்கே மண்ணு லாரி வந்துடும்."

தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவர் மூளை இப்போது அலுவலகத்து மூளை போலவே ஓடப் பழகியிருந்தது.

"சார், தானா வெளியே போற பறவை, அப்புறப்படுத்தின பறவைதானே?"

அதிகாரி கூரையைப் பார்த்து யோசித்தார். "புறப்பாடுன்னா புறப்பாடுதான். ஆனா உள்ளே வர்றதை எழுத முடியாது. வருகைப் பக்கத்தைப் போன வாரமே மூடியாச்சு."

"வேண்டவே வேண்டாம் சார்!"

எழுபது பேரும் மறுபடி இரண்டு கரையிலும் கூடினார்கள். மீன்கொத்தி பொந்தைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் ஒரே ஆரவாரம். மதியம் அறுபத்தெட்டு ஆனது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெயில் இதமாக இருந்தது, காற்று நன்றாக வீசியது, குஞ்சுகளுக்கும் பசி அடங்கவில்லை. ஒருவருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை. தையல்காரம்மாவே கை தட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அதிகாரி பதிவேட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"இருந்தது நூத்தி இருபத்தெட்டு. போனதும் நூத்தி இருபத்தெட்டு. மீதி?"

"பூஜ்யம்!" என்று எழுபது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அதில் எல்லோரையும்விட உரக்கக் கத்தியது தையல்காரம்மாதான்.