சான்றிதழ் பெற்ற பிட்டோ

வரப்போகிற அதிகாரிகளிடம் எங்கே தப்பாகச் சொல்லி மகளின் படிப்பைக் கெடுத்துவிடுவோமோ என்று ஆயுவோ காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். வடகானாவில், பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, முளைகட்டிய சோளத்தில் பிட்டோ என்ற பீர் காய்ச்சி விற்கிறவள். மகள் பெர்நீஸ் அங்கேதான் வேதி மற்றும் உயிர்மூலக்கூறுப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இடம் தயார். அம்மாவின் பானையில் நுரைக்கும் ஈஸ்ட்தான் ஆய்வுப்பொருள். அந்த ஈஸ்ட்டால் மனித குலத்துக்கு ஆபத்தில்லை என்று உயிரிப் பாதுகாப்புக் குழு சான்று தந்தால் போதும். பருவம் முடிவதற்குள் தராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

குழு நேரில் வந்தது. தலைவர் டாக்டர் டெரி வெள்ளை அங்கி, கையுறை, முகக்கவசத்தோடு பெஞ்சில் அமர்ந்தார்.

"என்ன உயிரிம்மா இது?"

"தெரியலைங்கய்யா. இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்ல."

வழக்கப்படி சுரைக்குடுவையில் முதல் வாயைத் தானே குடித்துக் காட்டிவிட்டு நீட்டினாள். டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார். குழுவும் இறக்கியது. பொழுது சாயும்போது தீர்மானம் நிறைவேறியது: மேலும் மாதிரிகள் தேவைப்படுகின்றன.

மறுவாரமும் தேவைப்பட்டன. அதற்கடுத்த வாரம் ஒப்பீட்டு ஆய்வுக்காகச் சுட்ட கினிக்கோழியும் தேவைப்பட்டது. துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதுவும் தாகத்தோடு வந்தது.

"நல்லா இருக்கிற வரைக்கும் இவங்க கையெழுத்துப் போட மாட்டாங்கம்மா," என்றாள் பெர்நீஸ்.

"நான் என்னடி பண்ணட்டும்? நல்லா காய்ச்சத்தான் எனக்குத் தெரியும்."

"ஒரே ஒரு தடவை கெடுத்துடேன்."

ஆயுவோ பானையை மூடாமல் வெயிலில் விட்டாள். புளித்து, தெருமுனைவரை நாறியது. டாக்டர் டெரி ஒரு வாயோடு எழுந்துவிட்டார்.

"இத எவனும் குடிக்க மாட்டான். மனித குலத்துக்கு ஆபத்தில்ல. எங்க கையெழுத்துப் போடணும்?"

சான்றிதழில் ஒரு நிபந்தனை இருந்தது: சான்று பெற்ற பிட்டோவை மட்டுமே ஆய்வு செய்ய வேண்டும், தயாரிப்பு முறையை மாற்றலாகாது. பெர்நீஸ் தலையில் கைவைத்தாள். பேராசிரியரோ பூரித்துப்போனார். தோல்வியை ஆராய்வதுதான் இப்போது நாகரிகமாம். 'பிட்டோ நாறுவது ஏன்' என்ற கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. குழுவினர் பெயரெல்லாம் முன்னால், பெர்நீஸ் பெயர் கடைசியில்.

பரிசு வந்த மாலை டாக்டர் டெரி வந்து கண்ணடித்தார். "நல்லதா ஒண்ணு ஊத்தும்மா."

"அதுக்குச் சான்றிதழ் இல்லீங்களே டாக்டரய்யா. நீங்க கையெழுத்துப் போடாதத உங்களுக்கே எப்படி ஊத்துவேன்? நாளைக்கு உங்க ஆளுங்களே என்னைப் பிடிச்சிட்டாங்கன்னா?"

குடிக்க வந்திருந்த விரிவுரையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொந்தக் கையெழுத்தை மறுக்க முடியுமா? ஆய்வுக்கென்று காய்ச்சி வைத்திருந்த நாற்றப் பிட்டோவை டாக்டர் மளமளவென்று குடித்து, "அருமை," என்றார். விரிவுரையாளர்களும் அதையே கேட்டார்கள். அவர்களைப் பார்த்து மாணவர்கள் கேட்டார்கள். படித்தவர்கள் குடிப்பதாயிற்றே என்று ஊரும் கேட்டது. நல்லதைக் கேட்டால் நாட்டுப்புறம் என்பார்களே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சான்றிதழ் இல்லாத சரக்கு வீட்டில் இருப்பதே வம்பு என்று ஆயுவோவுக்குப் பட்டது. மிச்சமிருந்த நல்ல பிட்டோவை, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சாக்கடையில் கொட்டினாள்.