தெல்தெனியவில் நான் உறுமிய நாள்

பெண் பார்க்கப் போகிற வீட்டில் மாப்பிள்ளை வாயைத் திறக்கக்கூடாது. கெலிஓயாவில் வேனில் ஏறும்போதே என் மூத்த சகோதரி ஃபரீனா ராத்தா இதைச் சொல்லிவிட்டாள். நான்தான் கேட்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஒரு மருந்துக் கடையில் வேலை. காதல் என்று இருந்தது ஒன்றின்மீது மட்டும்தான்: கடலிலிருந்து எழும்பி வந்து பட்டணங்களை உழக்கும் அந்த ராட்சதப் பிராணியின் படங்கள். பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கும். சின்ன வயதில் வாப்பா கண்டியிலிருந்து வீடியோ கசெட் வாடகைக்கு எடுத்து வருவார். வெளியே மழை கொட்ட, நானும் ராத்தாவும் அவருடைய சாரத் துணியைப் போர்த்திக்கொண்டு பாயில் குந்தியிருப்போம். ரப்பர் உடுப்புக்குள் ஒரு மனிதர் வியர்க்க வியர்க்க அட்டைக் கட்டடங்களை மிதிக்கிறார் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. மூன்றாவது படத்தில் அது கடலில் மூழ்கியபோது இருவரும் தேம்பி அழுதோம்.

"அழாதீங்க, நாலாவது கசெட்டும் கடையில ஈக்கு" என்றார் வாப்பா.

பெண் வீடு தெல்தெனியவில். பெண்ணின் வாப்பா நிசார் சேர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சைத் தாள் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"மகனுக்குப் பொழுதுபோக்கு என்ன?"

"படம் பாப்பேன் சேர்."

(இங்கே நிறுத்தியிருக்கலாம்.)

"என்ன மாதிரிப் படம்?"

ராத்தா என் காலை மிதித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "முதலாவது பயம் சேர். ரெண்டாவது சுமார். மூணாவதுதான் எல்லாத்துக்கும் மேல. அஞ்சாவதுல அதுக்கு ஒரு குட்டி. ஏழாவதுல அது நல்லதா மாறிடும்."

"ஏன் மாறுது?"

"அத விடக் கெட்டது ஒண்டு வந்துடும் சேர்."

அவர் தலையாட்டினார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். "எவ்வளவு பெருசு?" என்று கேட்டதும் எழுந்தே விட்டேன். ஜன்னலுக்கு வெளியே விக்டோரியா நீர்த்தேக்கம் பளபளத்தது.

"இப்ப இந்தத் தண்ணிக்குள்ள இருந்து அது எழும்பி வருதுண்டு வைங்க சேர். கீழ ஈக்கிற எல்லாத்தையும் உழக்கிக்கொண்டு..." இரண்டு கையையும் நகம்போல் வளைத்து, வயிற்றிலிருந்து உறுமினேன். ஏழாவது படத்து உறுமல். வருஷக்கணக்கில் குளியலறையில் பழகியது.

சரியாக அந்த நேரம்தான் பெண் ரிஸ்னா வட்டிலப்ப இனிப்புத் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். தட்டு தரையில் விழுந்தது.

நிசார் சேர் ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "எங்கட பழைய வீடு அந்தத் தண்ணிக்குள்ளதான் மகன் ஈக்கு. அணை கட்டினப்ப போனது."

வளைத்த கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் திகன தாண்டியதும் ராத்தா இறந்துபோன எங்கள் வாப்பாவை இழுத்தாள்: "வாப்பா முன்னமே மௌத்தானது நல்லதாப் போச்சு. இல்லாட்டி இண்டைக்கு மௌத்தாகியிருப்பார்."

மறுநாள் பதில் வந்தது. பிள்ளை இன்னும் படிக்க வேண்டுமாம். (பிள்ளை படிப்பை முடித்து இரண்டு வருஷம்.)

மூன்று வாரம் கழித்து நிசார் சேரே தொலைபேசியில் அழைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"மகன், அந்த மூணாவது படம் எங்க எடுக்கலாம்?"

நானே கொண்டுவந்து தருவதாகச் சொன்னேன். அவர் தொடர்ந்தார். "இவ்வளவு வருஷமா அந்தத் தண்ணியப் பாத்தா மனசு பாரமா ஈக்கும். இப்ப பாத்தா ஒங்கட மிருகம் எங்கட கூரையில ஏறி நிக்கிற மாதிரி ஈக்கு. சிரிப்பு வருது."

அடுத்த ஞாயிறு படத்தைக் கொண்டுபோனேன். அது மூழ்கும் இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பார்க்காததுபோல் இருந்தேன். அன்றிலிருந்து புதுப் பாகம் வந்தால் கண்டியில் இருவரும் ஒன்றாகத்தான் பார்ப்போம். ஏழாவதுதான் சிறந்தது என்று இன்னும் அடம்பிடிக்கிறார்.

ரிஸ்னா கம்பளையில் வாழ்க்கைப்பட்டாள். நான் கடுகண்ணாவையில் கலியாணம் முடித்தேன். பெருநாளைக்கு எல்லாரும் அவர் வீட்டில் கூடுவோம். புதிதாக யார் வந்தாலும் சேர் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்: "இவர் எங்கட மருமகனாகப் பாத்தவர். உறுமினதால சரிவரல்ல."

"நல்ல வேள, நான் தப்பிட்டேன்" என்பாள் ரிஸ்னா.

என் மனைவி வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொல்வாள்: "எங்கட வீட்டுக்கு வந்தப்ப இந்த மனுஷன் வாயே தொறக்கல்லயே. எனக்கு எப்படித் தெரியும்?"