தெய்வத்துக்கு ஒரு சோடா

உருவேறி ஆடுகிற பெண்ணை விழவிடாமல் பிடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். எந்த நேர்முகப் பரீட்சையிலும் யாரும் கேட்காத திறமை இது. கேட்டிருந்தால் இன்றைக்கு நான் எங்கேயோ இருந்திருப்பேன்.

மண்டூருக்குக் கிட்டத்தான் எங்கள் ஊர். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு தொடங்கிவிட்டால், பறையும் உடுக்கும் ஏற ஏறக் கூட்டத்தில் யாராவது ஒரு பெண்ணுக்குத் தெய்வம் வந்துவிடும். அவர் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளாமல் பின்னால் நின்று பிடிப்பது எங்கள் வீட்டுப் பெண்களின் வேலை. முதலில் இடுப்பு. பிறகு தலையில் மஞ்சள் தண்ணீர். பிறகு, "தாயே, ஆரு நீங்க, என்ன வேணும்?" என்ற கேள்வி. (ஒழுங்கு மாறக்கூடாது. தண்ணீருக்கு முன்னாலேயே கேள்வி கேட்ட என் சின்னம்மா ஓங்கி ஒரு அறை வாங்கினார்.) என் கையிலிருந்து இதுவரை ஒரு தெய்வமும் கீழே விழுந்ததில்லை.

இந்தப் பெருமையோடுதான் நான் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போனேன்.

அப்போது பிரதீப்பும் நானும் ஒருவரையொருவர் விரும்பியிருந்தோம். அவன் கட்டாரில் வேலை. அவன் வீட்டில் எல்லா முடிவும் கனடாவில் இருக்கிற மூத்த அக்கா ஜெனனியின் கையில். அவர் லீவில் வந்து இறங்கியதும் பிரதீப் போன் எடுத்தான்.

"அக்கா ஓம் எண்டா எல்லாரும் ஓம். அவ வேணாம் எண்டா அதோட சரி. நீ நல்லாப் பழகு. ஆனா ஊர்ப் பழக்கம் ஒண்டும் காட்டிராத, என்ன?"

"எனக்கென்னடா ஊர்ப் பழக்கம்?" என்று கேட்டேன். (கேட்கிறாளே கேள்வி!)

ஜெனனி அக்கா என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி: "பாசிக்குடாவில டீஜே வந்து பெரிய மியூசிக் பெஸ்டிவல் வைக்கிறாங்களாம். உனக்கு அந்த மியூசிக் பிடிக்குமா?"

"பிடிக்குமாவா? உயிர்!" என்றேன். அந்தச் சங்கீதத்தில் ஒரு துண்டுகூட அதுவரை நான் கேட்டதில்லை.

என்னோடு வேலை செய்கிற நிரோஷிதான் ஆபத்துக்கு உதவினாள். அவளுடைய ஜீன்ஸைக் கடன் தந்தாள். போனில் வீடியோ போட்டு ஆடவும் பழக்கினாள். "கைய மேல தூக்கு கா. இன்னும் மேல. எலக்கா, நீ என்ன, வயல் வட்டைக்குள்ள குருவி கலைக்கிறியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். (எங்கள் பக்கத்தில் பெண்கள் பேசினால் பேச்சுக்குப் பேச்சு ஒரு 'கா' ஒட்டிக்கொள்ளும்.) அந்த ஜீன்ஸ் போட்டால் மூச்சு விடலாம், அல்லது குனியலாம். இரண்டும் சேர்ந்து ஏலாது.

அக்கா, நிரோஷி, நான், மூன்று பேருமாகப் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஒருவர் கையில் கடதாசிப் பட்டி கட்டிவிட்டார். சரி, இங்கேயும் காப்புக் கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே போனால் ஒரே புகை. வீட்டு உயரத்துக்கு ஸ்பீக்கர். அடிக்கிற அடி நெஞ்சுக்குள் வந்து இடித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிற சனம். பயந்து பயந்து வந்தவளுக்கு, என்ன சொல்ல, சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது! குருவி கலைக்கிற ஆட்டத்தைக்கூடக் கொஞ்சம் ஆடினேன். அக்கா என்னைப் பார்த்துப் பெருவிரலைக் காட்டினார். கலியாணம் சரி என்று மனதுக்குள் கூறைச் சேலையின் நிறம்கூடத் தெரிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் அடி மாறியது.

மெதுவாகத் தொடங்கி, நெருக்கி, இன்னும் நெருக்கி, மூச்சு விட இடமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த அடி எனக்குத் தெரியும். பறை இப்படி நெருங்கினால் யாருக்கோ வரப்போகிறது. யாருக்கு, யாருக்கு என்று என் கண் கூட்டத்தைத் தேடியது. சட்டென்று எல்லாச் சத்தமும் நின்று, மறுபடி இடி விழுந்தது போல ஒரு அடி அடித்தது பாருங்கள், ஜெனனி அக்கா "ஆ!" என்று கத்திக்கொண்டு எழும்பிக் குதித்தார். கொண்டை அவிழ்ந்தது. தலை சுழன்றது. கண் மூடியிருந்தது.

ஐயோ, வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த பிள்ளை, பழக்கமில்லாத உடம்பு, விழப் போகிறாரே!

ஒரே பாய்ச்சலில் பின்னால் போய் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். அக்கா திமிறினார். (எல்லாத் தெய்வமும் முதலில் திமிறும்.) இன்னும் இறுக்கினேன்.

"நிரோஷி! தண்ணி! கெதியா!"

நிரோஷி என்ன ஏது என்று விளங்காமல் கையிலிருந்த போத்தலைத் தந்தாள். அதை அப்படியே அக்காவின் தலையில் கவிழ்த்தேன். மஞ்சள் இல்லாத குறையை அம்மன் பொறுத்துக்கொள்வா என்று நினைத்தேன். பிறகு, அடிச் சத்தத்துக்கும் மேலாகக் கேட்க வேண்டுமே என்று, தொண்டை கிழியக் கத்தினேன்:

"தாயே! ஆரு நீங்க? என்ன வேணும்?"

அந்த நேரம் பார்த்து அந்த டீஜே மனுசன் பாட்டை நிறுத்தினான். பாசிக்குடாக் கரை முழுக்க என் குரல் மட்டும் கேட்டது.

தண்ணீர் சொட்டச் சொட்ட அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"சோடா," என்றார். "குளிரா ஒரு சோடா. முதல்ல என்ர இடுப்ப விடு."

அதற்குள் காவலுக்கு நின்றவர் ஓடி வந்துவிட்டார். "என்ன தங்கச்சி பிரச்சின?" என்று அதட்டினார். பதற்றத்தில் எனக்குப் பொய் வரவில்லை. "அக்காவுக்குத் தெய்வம் வந்திட்டு அண்ணன்" என்றேன்.

அவரும் சடங்கு நடக்கிற ஊர்தான், சித்தாண்டிக்காரர். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். குரல் அப்படியே இறங்கிவிட்டது.

"எந்த அம்மன், தங்கச்சி?" என்று கேட்டு, ஜெனனி அக்காவைப் பார்த்துக் கை கூப்பினார். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரனும், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி போல என்று நினைத்துக் கை கூப்பினான்.

அந்த இடத்திலேயே மண் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். கடன் வாங்கிய ஜீன்ஸோடு சேர்த்து விழுங்க வேண்டாம் என்று விட்டிருக்கும்.

வாகனம் பிடித்துத் திரும்பினோம். நிரோஷி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் அழுதேன். நடிப்பில்லை, உண்மையாகவே அழுதேன். காட்டாதே என்று பிரதீப் சொன்ன ஊர்ப் பழக்கத்தை ஒலிபெருக்கி இல்லாமலே ஊருக்குக் காட்டிவிட்டேன். தன்னாமுனை தாண்டும்போது அக்கா தாய்க்குப் போன் எடுத்தார்.

"அம்மா, அந்தப் பிள்ளையோடதான் வாறன்... ஓம், பாத்தன். இடுப்பில அவள் பிடிச்ச இடம் இன்னும் நோகுது... இல்லம்மா, கேளுங்க. அங்க கனடாவில நான் விழுந்து கிடந்தாலும் சனம் சுத்தி நிண்டு போட்டோதான் எடுக்கும். இவள் நான் விழ முதலே பிடிக்கிறாள் கா! தம்பிக்கு இவளத்தான் எடுக்கோணும். மறுகா பேச்சில்ல."

எனக்கு அழுகை நிற்கவே இல்லை. நிரோஷி தன் ஜீன்ஸில் மூக்கைத் துடைக்க வேண்டாம் என்று கெஞ்சினாள்.

கலியாணம் நடந்தது. அன்றிலிருந்து புகுந்த வீட்டில் நான் யாருக்குச் சாப்பாடு பரிமாறப் போனாலும், "தாயே, என்ன வேணும்?" என்று ஒருவர் கேட்க, "சோடா!" என்று மற்றவர்கள் கத்துவார்கள். என் மகளுக்குக்கூட இது பழகிவிட்டது.

போன வைகாசி ஜெனனி மச்சாள் எங்கள் ஊர்ச் சடங்குக்கு வந்தார். பறை நெருங்கி அடிக்கத் தொடங்கியதும் பக்கத்தில் நின்ற அவர் கண்ணை மூடினார். தலை மெல்லச் சுழன்றது. பகிடி விடுகிறாரா, நிசமா? பகிடியென்றால் இன்னும் ஆயுளுக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். நிசமென்றால் விழுந்துவிடுவார். கொண்டை அவிழ்ந்தது. என் கை என்னைக் கேட்காமலே போய் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. இந்த முறை உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. இது பகிடியில்லை.

பெண்கள் மஞ்சள் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். என் பின்னால் கை கூப்பி நின்ற மாமி, மச்சாளின் தாய், அழுதுகொண்டே மெல்லச் சொன்னார்:

"எதுக்கும் ஒரு சோடாவும் எடுத்து வைங்க கா."