கழுவாத காந்தம்

ஒரு காட்டில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள், சிங்கத்துக்கு அரசாட்சி இருக்கலாம், கரடிக்கு ஆராய்ச்சிக்கூடம் இருக்கக் கூடாதா? அங்கே கரடிதான் பேராசிரியர். அதனிடம் ஒரு புனுகுப்பூனை ஆறு வருஷமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தது. ஆறு வருஷம் என்றால் சும்மா இல்லை. பூனையோடு ஒன்றாம் வகுப்பு படித்த முயலுக்கு அதற்குள் கொள்ளுப்பேரனே பிறந்துவிட்டான்.

பூனையின் வேலை இண்டோல் செய்வது. ஆறு மூலை வளையம் ஒன்று, ஐந்து மூலை வளையம் ஒன்று, இரண்டும் நடுச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஒட்டி நிற்கும். சின்ன வளையத்தின் ஒரு மூலையில் நைட்ரஜன் குந்தியிருக்கும். அவ்வளவுதான் இண்டோல். எத்தனையோ மருந்துகளுக்குள் இந்தக் கூடு இருக்கிறது. துளியூண்டு எடுத்துக் குடம் நிறையத் திரவத்தில் கரைத்தால் மல்லிகை மாதிரி மணக்கும். புட்டியைத் திறந்து நேரே மூக்கை வைத்தால் பஸ் ஸ்டாண்டு கக்கூஸ். பூனைமேல் எப்போதும் அடித்தது இரண்டாவது வாசம்தான். ஷேர் ஆட்டோவில் அதன் பக்கத்தில் எருமைகூட உட்காராது.

இண்டோல் செய்யும் வழி நூறு வருஷத்துக்கு மேலாகவே உலகத்துக்குத் தெரியும். அப்புறம் பூனை என்ன புதிதாகக் கிழிப்பது? சொல்கிறேன். அந்தச் சின்ன வளையத்தை மூடுவதற்குப் பலரும் பல்லேடியம் என்கிற விலை உயர்ந்த உலோகத்தைச் சிட்டிகை போடுவார்கள். நம் பூனை உலோகமே போடாமல் மூடிக் காட்டியது. நூற்றுக்கு எண்பத்திரண்டு விளைச்சல். கரடி அதைப் பார்த்துவிட்டு, "இதுதாம்மா உன் தீசிஸ்" என்றது. ஆறு வருஷத்தில் கரடி வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. பூனை வெளியே போய் அழுதுவிட்டு வந்தது.

கட்டுரையை அனுப்பினார்கள். பத்திரிகையிலிருந்து ஒரு படிவம் வந்தது. உங்கள் கூடத்தில் வேறு ஒருவர் இதே சோதனையைச் செய்து, விளைச்சலை எழுதி, கையெழுத்திட்டு அனுப்பவும் என்று போட்டிருந்தது. பூனையின் பதிவு அந்த மாதக் கடைசியோடு காலாவதி. அதற்குள் கட்டுரையை ஏற்றுக்கொள்ளாவிட்டால் ஆறு வருஷமும் அம்போ. ஊரில் அதன் அம்மா வேறு சொல்லிவிட்டிருந்தது: "புனுகு எடுக்கிறவங்ககிட்ட ஒரு கூண்டு காலியா இருக்காம். மூணு வேளையும் சோறு போடுவாங்களாம். படிச்சு என்னத்தக் கண்ட, பேசாம வந்துரு." அந்தக் கூண்டுக்கு இந்தக் கக்கூஸ் நாற்றமே மேல் என்று பூனை நினைத்தது.

மறுபடி செய்து பார்க்கும் வேலை கீரியிடம் வந்தது. கீரி பூனைக்கு நாலு வருஷம் ஜூனியர், மகா சுத்தக்காரன். தங்கத்தையே கரைக்கும் ராஜதிராவகத்தில் குடுவைகளை ஊறப்போடும். அப்புறம் மூன்று தடவை தண்ணீர், அப்புறம் அசிட்டோன், அப்புறம் சூட்டில் காயவைப்பது. கல்யாண வீட்டில்கூட டம்ளரைக் கழுவி வெயிலில் காயப்போட்டுவிட்டுத்தான் பாயசம் வாங்கும்.

கீரி செய்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி செய்தது, பூஜ்யம். மூன்றாம் தடவை பூனையே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது. அப்போதும் பூஜ்யம்.

"மனசுல வெச்சுக்காதீங்க அக்கா. ஒரு மண்ணும் வரல."

உடனே பூனை தன் மேசையில் தானே செய்தது. எண்பத்திரண்டு. ஆனால் கூடத்தில் எல்லோரும் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. "எண்பத்திரண்டாம்ல" என்று இரண்டு எலிகள் காதுபடச் சிரித்தன. பூனைக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

நாலாம் நாள் கீரி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பூனை செய்வதை ஆரம்பத்திலிருந்து பார்த்தது. அதே பொடி, அதே திரவம், அதே சூடு. எல்லாம் சரி. கடைசியில் பூனை கோட்டுப் பையிலிருந்து கலக்குகிற காந்தத்தை எடுத்துக் குடுவைக்குள் போட்டது. மொச்சைக்கொட்டை அளவில் வெள்ளை உறை போட்டு இருக்கும், உள்ளே கிடந்து சுற்றிச்சுற்றிக் கலக்கும். பூனையின் காந்தம் மட்டும் வெள்ளையாக இல்லை.

"அக்கா, அது ஏன் கறுத்துப்போயிருக்கு?"

"எனக்கு முன்னால இருந்த காட்டுப்பன்றி அண்ணன் குடுத்துட்டுப் போனதுடா. ராசியான காந்தம்."

"எப்பக் கழுவினீங்க?"

"ராசியை யாராச்சும் கழுவுவாங்களா?"

"சரி, அந்த அண்ணன் எதுல வேலை பாத்தாரு?"

பூனை வாயைத் திறந்தது. குடுவைக்குள் கிடந்த காந்தத்தை எட்டிப் பார்த்தது. "பல்லேடியத்துல" என்றது.

கீரி அந்தக் காந்தத்தை வாங்கித் தன் குடுவையில் போட்டுச் செய்தது. எண்பத்திரண்டு. உறையின் கீறல்களுக்குள் புகுந்துகொண்ட பன்றி காலத்துப் பல்லேடியம்தான் இத்தனை நாளும் வேலை பார்த்திருக்கிறது. பூனை பக்கத்தில் நின்று பெருமைப்பட்டிருக்கிறது.

இரண்டும் கரடியிடம் ஓடின. கரடி பதறவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை எடுத்தது.

"கீரி, நீ செஞ்சியா?"

"செஞ்சேன் சார்."

"எவ்வளவு வந்துச்சு?"

"எண்பத்திரண்டு சார். ஆனா அந்தக் காந்தம்..."

"இங்க பாரு. திரவம் என்னன்னு கேட்டிருக்கான். சூடு எவ்வளவுன்னு கேட்டிருக்கான். எவ்வளவு நேரம்னு கேட்டிருக்கான். காந்தம் குளிச்சுதான்னு எங்கயாவது கேட்டிருக்கானா?"

"இல்ல சார்."

"கேக்காததை எழுதினா படிவத்தைத் திருப்பி அனுப்பிருவான். கையெழுத்தப் போடு."

கீரி போட்டது. போட்டுவிட்டு நேரே போய் இரண்டு தடவை கை கழுவியது. இருபத்தொன்பதாம் தேதி, கட்டுரையை ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

வாய்மொழித் தேர்வு வந்தது. வெளித் தேர்வாளர் பக்கத்துக் காட்டு நாரை. இண்டோல் உலகத்தில் பெரிய ஆள். பூனை நாற்பது நிமிஷம் படம் போட்டு விளக்கியது. நாரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. கரடி ஒரு சமோசாவை எடுத்துக் கடித்தது, இனி பயமில்லை என்று.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றது நாரை. வழக்கமாக எல்லோரும் இல்லை என்று சொல்லுகிற கேள்வி அது.

பூனைக்கு ஒரு மாதமாக நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. இனியும் தாங்காது. "சார், நான் உலோகம் போடலைன்னு சொன்னது நிஜம்தான். ஆனா உலோகம் இல்லைன்னு சொன்னது பொய்" என்று ஆரம்பித்து, பன்றி, கறை, கழுவாதது என எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. கரடிக்குச் சமோசா புரையேறியது. போச்சு, கூண்டுதான் என்று பூனை முடிவு கட்டிவிட்டது.

நாரை ஒற்றைக்காலில் நின்றபடி கழுத்தை நீட்டியது.

"அந்தக் காந்தம் இப்ப எங்க?"

"என் பையில சார்."

"கழுவிட்டியா?"

"இல்ல சார்."

நாரை நிம்மதியாக மூச்சு விட்டது. "நல்ல பிள்ளை. உனக்குப் பட்டம் கொடுத்தாச்சு. அதை மட்டும் ஒரு மாசம் எனக்குக் குடு. எங்ககிட்ட ஒரு ஆமை பதினோரு வருஷமாப் படிக்கிறான். எங்ககிட்டயும் இது மாதிரி ஒண்ணு இருந்துச்சு. எத்தனை பேரை டாக்டராக்கின காந்தம் தெரியுமா? போன மாசம் சேர்ந்த ஒரு சுத்தக்காரன் ராஜதிராவகத்துல போட்டுட்டான்."

நீதி: உண்மையை எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அதுவரை எதையும் கழுவாமல் இருந்தால் போதும்.