இருபது அடிக்கு ஒரு மரவள்ளி

ஈப்போ பக்கம், ஐந்தாம் லயம்.
கார்த்திகை 3. நம் கணக்கில் 1943, ஜப்பான்காரன் கணக்கில் 2603. அறுநூற்று அறுபது வருடம் ஏறியும் ரேஷன் அரிசி மட்டும் ஏறவில்லை.

சுங்காய்த் தோட்டத்தில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை பத்துமலைக்கும் என் தங்கை முத்தம்மாவுக்கும் உங்கள் மச்சான் சன்னாசி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அவள் அண்ணி கருப்பம்மாளும் எழுந்து நடமாடுகிறோம். நீங்களும் நான்கு பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைப் பிடித்து எழுத வைத்தேன் என்று நினைக்க வேண்டாம், நானே எழுதுகிறேன். எங்கள் லயத்து வரிசைவீடுகளில் மங்களம் என்ற பெண் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறாள். அறுபத்திரண்டு வயதில் எட்டு மாதம் படித்தேன். ஒரு நாளைக்கு நான்கு வரி வருகிறது. முன்பெல்லாம் நான் பத்து விஷயம் சொன்னால் கிராணி ‘இங்கு சுகம்’ என்று முடித்துவிடுவார். இப்போது என்னை நிறுத்த ஆளில்லை.

உப்பு விற்கும் சீனி வந்து, உங்கள் பக்கம் அரிசி அடியோடு நின்றுவிட்டது என்றும், பிள்ளைகள் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள் என்றும், இங்கே வந்துவிடலாமா என்று தங்கை கேட்டாள் என்றும் சொன்னார். உடனே வாருங்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் இரண்டு வாய் எட்டு வாயாகும். கிழங்கு போதுமா என்று பார்க்காமல் கூப்பிட்டு, இங்கேயும் பிள்ளைகளைப் பட்டினி போட்டால் நான் அண்ணனா? ஆகவே எங்கள் கிழங்கின் நிலைமையை முழுதாகச் சொல்லிப் பிறகு பதில் சொல்கிறேன்.

வெள்ளைக்காரத் துரை ஓடிய பிறகு, ஜப்பான்காரர்கள் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் நிலம் வெட்டி மரவள்ளி போடச் சொன்னார்கள். எல்லோரும் அன்றே குச்சியை ஊன்றக் கிளம்பினார்கள். நான் மட்டும் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தேன். எல்லாம் ஒரே நாளில் நட்டால் ஒரே சமயம் முற்றும், அதற்குப் பிறகு எதைத் தின்பது? ஏக்கரை ஒன்பது பாத்தியாகப் பிரித்து மாதம் ஒரு பாத்தி நடுவது, ஒன்பது மாதம் கழித்து மாதம் ஒரு பாத்தி பிடுங்குவது, பிடுங்கிய இடத்தில் அன்றே மறுபடி ஊன்றுவது. சண்டை பத்து வருடம் நடந்தாலும் அடுப்பு அணையாது. இதில் குறை ஒன்றுதான். முப்பது வருடம் துரைக்குக் கயிறும் முளைக்குச்சியும் பிடித்து ரப்பர் கன்றுக்கு நிரை போட்டவன் நான்; கை தன்னால் இருபது அடிக்கு ஒரு முளை அடித்துவிட்டது. மாசியில் நட்ட முதல் பாத்தி முழுவதற்கும் பன்னிரண்டு மரவள்ளி. எங்கிருந்து பார்த்தாலும் கோடு மட்டும் நேராக இருந்தது.

பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து வேலியோரம் நின்று சுற்றிப் பார்த்தான். “அண்ணே, நெரை ரொம்ப அழகா இருக்கு லா. பால் வெட்ட எப்ப வரட்டும்? ஏழு வருஷம் ஆகுமா?” என்றான். கருப்பம்மாள் அதற்கு மேல். “வெள்ளக்காரனே ஓடிட்டான். இன்னும் யாருக்குக் கயிறு புடிக்கிறீங்க?”

“ஒனக்கு இன்னைக்குச் சோறுதான் தெரியும். இது அடுத்த வருசத்துக்கு யோசிச்சது” என்றேன்.

“அடுத்த வருசம் தெரியுது, அடுப்பு தெரியல. இங்கேருந்து தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஒண்ணும் தூரம் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சித்திரையில் பார்த்தால் என் நிரைகளுக்கு நடுவே கண்டபடி முளைத்துக் கிடக்கிறது. நிரைக்கு நடுவில் இருப்பது எதுவாக இருந்தாலும் களை, அதுதான் தோட்டத்துச் சட்டம். நான் ஆறு செடியைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் கருப்பம்மாள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். விறகு பொறுக்கப் போகும்போது நாலு, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றப் போகும்போது ரெண்டு என்று இடைவெளி எல்லாம் மரவள்ளி ஊன்றியிருக்கிறாள். பிடுங்கிய ஆறையும் அவள் பார்த்துக்கொண்டு நிற்க நானே திருப்பி நட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் எந்தப் பாத்தி என்று நான் சொல்வேன், எவ்வளவு நெருக்கம் என்று அவள் சொல்வாள். பிச்சைமுத்து கதை வேறு. ஏக்கர் முழுவதும் ஒரே சமயம் முற்றியது, காட்டுப்பன்றி வந்தது, பயந்துபோய் அத்தனையும் தோண்டினான். மூன்று நாளில் பாதி கறுத்துவிட்டது, மீதி சீவல் போட்டுக் கூரையில் காய்கிறது. நேற்று வந்து, “அண்ணே, அந்த மாசப் பாத்தி வெவரத்த எனக்கும் சொல்லுங்க லா” என்றான். பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னேன். மாப்பிள்ளை, நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுநாள் ஆகிறது.

இனி பதில். முதல் பாத்தி இந்த மாதம் பிடுங்கினோம். அதில் எட்டுப் பேர் சாப்பிட முடியாது. மார்கழிப் பாத்தியில் பாதியைச் சீவிக் காயவைத்தால் தைப் பாத்தியோடு சேர்த்து எட்டுப் பேருக்கும் தாராளமாக வரும். ஆகையால் தை ஒன்றாம் தேதிக்கு முன் வர வேண்டாம். அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். யோசித்துச் செய்தால் எதுவும் நடக்கும்.

பிள்ளைகளுக்கு ஆயுசும் தங்கைக்குத் தெம்பும் உங்களுக்கு வேலையும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சன்னாசி (கைநாட்டு இல்லை, கையெழுத்து)

பின்குறிப்பு, கார்த்திகை 24: நேற்று மதியம் நீங்கள் ஆறு பேரும் வந்து இறங்கிவிட்டீர்கள். யார் வரச் சொன்னது என்று கருப்பம்மாளைத் தனியாகக் கேட்டேன். “சீனி உப்பு அளந்துக்கிட்டு இருக்கும்போதே சொல்லி அனுப்பிட்டேன். நீங்க எழுதி முடிக்கங்காட்டியும் அந்தப் புள்ளைங்களுக்குக் கல்யாணமே ஆயிரும்” என்றாள். கிழங்குக்கு என்ன செய்வது என்றேன். கிணற்றடி, கால்வாய் ஓரம், லயத்தின் பின்புறம் என்று அழைத்துப்போய்க் காட்டினாள். எங்கும் மரவள்ளி, இடுப்பைத் தாண்டி நிற்கிறது. “ஒங்க கயித்துக்கு வெளியவும் மண்ணு இருக்கு” என்றாள். பிள்ளைகள் வயிறு நிறையத் தின்றுவிட்டுத் தூங்குகிறார்கள். நீங்கள் எதிரில் உட்கார்ந்து, “மச்சான், யாருக்கு எழுதுறீங்க?” என்று கேட்டீர்கள். உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். படித்துக் காட்டச் சொல்கிறீர்கள். தை ஒன்றாம் தேதி வரும் இடத்தை எப்படித் தாண்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.