வாண்டு விமானம் ஏறாத விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை, விசாரித்ததாக வைத்துக்கொள். நீயும் உன் வீட்டுக்காரியும் நேற்று அங்கே விமான நிலையத்தில் சாயங்காலம் வரை எங்களுக்காகக் காத்திருந்ததாகப் போனில் கத்தினாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் தங்கை சின்னவள் போய் நாலு மாதம் ஆகிறது. அவள் பெண்ணை நீங்களே வைத்து வளர்ப்பதாக நீ சொன்ன அன்று நான் தலையாட்டினேன். அன்றைக்கு யார் எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதானே என்று சலவைக்கூடத்தில் லீவு சொல்லி, வாண்டுவுக்குத் தலைவாரி, அவளை உங்களிடம் விட்டுவரக் கிளம்பினேன். விமான நிலைய வாசலில் துப்பாக்கி மாட்டிய காவலர் ஒருத்தர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், சரி என்றார். பிள்ளையுடையதைக் கேட்டார். பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன்.

"என்னம்மா, பெண் குழந்தைன்னு மட்டும் போட்டிருக்கு. பேரு எங்க?"

"அப்ப பேரு வைக்கல சார். இவ அம்மாவும் அப்பாவும் மூணு மாசம் பேருக்குச் சண்டை போட்டாங்க. அப்புறம் அந்தாளு விட்டுட்டுப் போயிட்டான், அம்மாவே ஒண்ணு வெச்சுட்டா. எழுதப் போக நேரமில்ல."

பள்ளிக்கூட அட்டையை நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், வாண்டுவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். சாயம் போன படம். பிள்ளையின் தோளில் ஒரு கை மட்டும் தெரிகிறது.

"இந்தக் கை யாருது?"

"என்னுதுதான் சார். அழாம இருக்கப் பிடிச்சேன்."

"உங்க கையா? இவ்ளோ சின்னதா இருக்கு?"

அப்போதுதான் தம்பி எனக்கே உறைத்தது. பள்ளியில் படம் கேட்ட வாரம் வாண்டு கத்தரியை எடுத்துத் தன் முன்முடியைத் தானே வெட்டிக்கொண்டாள். அந்தக் கோலத்தில் படம் வேண்டாம் என்று சின்னவள் தன்னுடைய சின்ன வயசுப் படத்தை ஒட்டி அனுப்பிவிட்டாள். தோளில் இருந்தது அந்த வயசில் என் கை. உரித்து வைத்த மாதிரி அதே முகம், இரண்டு வருஷமாக எந்த டீச்சரும் கண்டுபிடிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற ஒரு ஆள், "குடும்பக் கதையை ஓரமா நின்னு பேசுங்கம்மா, எங்களுக்கு நேரமாச்சு" என்றான்.

"அப்போ இந்தப் படத்துல இருக்கறது யாரு?" என்றார் காவலர்.

நான் வாயைத் திறக்குமுன் வாண்டு சொன்னாள்: "எங்கம்மா. செத்துப் போயிட்டாங்க."

பையில் அந்தக் காகிதமும் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அதில் பேர், தேதி, முத்திரை எதிலும் ஒரு குறை இல்லை. செத்ததற்கு ஒரே வாரத்தில் சுத்தமான காகிதம் கொடுத்தார்கள் தம்பி, பிறந்ததற்கு ஏழு வருஷமாகியும் அரைகுறைக் காகிதம்தான். அவர் அதையும் படித்துவிட்டு எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். சட்டம் அப்படி, அவரை என்ன சொல்ல? இனி பேர் எழுத அலைய வேண்டும், புது அட்டை வாங்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் போலிருக்கிறது. அதுவரை டிக்கெட் எடுக்காதே.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைக்காக அறைக்கு வர்ணம் அடித்தாளாம், அவள் மனசு நோகாமல் பார்த்துக்கொள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: மேலே ஒரு பொய் இருக்கிறது. அந்தக் காவலர் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. வாண்டு சொன்னதைக் கேட்டு, அந்தக் காகிதத்தையும் பார்த்ததும், "சின்னப் பிள்ளை, கூட நீங்க இருக்கீங்க, உள்ள போங்கம்மா" என்றுதான் சொன்னார். நான்தான் விடவில்லை. "அதெப்படி சார், வேற முகம் ஒட்டியிருக்கு, நீங்க பாட்டுக்கு விடுறீங்க?" என்று அவரோடு மல்லுக்கு நின்றேன். "விடுறேன்னா வேணாங்கறீங்களேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டார். விமானம் கிளம்பும் நேரம் தாண்டும்வரை வாதாடிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அவளை என்னால் அனுப்ப முடியாது தம்பி. திட்டுவதை எழுத்தில் திட்டாதே, இரண்டு பேரும் வந்து நேரில் திட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை கிடையாது, உட்கார்ந்து நிதானமாக வாங்கிக்கொள்வேன்.