பன்னிரண்டு பேர்க் கலியாணம்

“பன்னிரண்டு நூறா?” என்று கேட்டார் ஆனந்தராஜா.

“பன்னிரண்டு பேர், அப்பா,” என்றாள் அவருடைய மகள் சாரங்கி. “ஓகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு, நகரசபை றோட்ஹூஸிலை. கையெழுத்து வைச்சு முடிய எல்லாரும் வாவிக்கரைக்குப் போவம். யதுர்சன் கிறில் போடுவான்.”

“மாப்பிள்ளையே தன்ர கலியாணத்துக்குக் கோழி வாட்டுறதோ?”

“அவன் நல்லா வாட்டுவான்.”

ஆனந்தராஜா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யதுர்சன் மீது அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஓகூஸ் நகரத்தில் தாதியாக வேலை செய்கிற, கண்டால் எழுந்து நிற்கிற பிள்ளை. குறையெல்லாம் அந்தப் பன்னிரண்டில்தான் இருந்தது.

டேனிஷ் நகரமான விபோர்க்கில் பேருந்து ஓட்டுவது ஆனந்தராஜாவின் தொழில். மற்றவர்களின் கலியாணங்களுக்குத் தீர்ப்பு வழங்குவது அவருடைய சேவை. அந்தப் பதவிக்கு அவரை யாரும் நியமிக்கவில்லை, தானாகவே ஏற்றுக்கொண்டார். பந்தியில் உட்கார்ந்ததும் முதலில் வடையை எடுப்பார். கைதுடைக்கும் தாளில் வைத்து இரண்டு விரலால் ஒரு அமத்து அமத்துவார். தாளை விளக்கு வெளிச்சத்துக்கு உயர்த்தி, ஊறிய எண்ணெயைப் பக்கத்தில் இருப்பவருக்கும் காட்டுவார். வடையில் தொடங்கிய விசாரணை மணவறை, மாலை என்று போய், மாப்பிள்ளையின் தாய்மாமன் எத்தனை தரம் சாப்பிட்டார் என்பதில் முடியும்.

குருசுமுத்து தன் மகனைக் குதிரை வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டபோது, “குதிரைக்கு மட்டும்தான் உடுப்பு எடுபட்டுது,” என்றார் ஆனந்தராஜா. ஆடம்பரம்தான் அவருக்குப் பிடிக்காது போலும் என்று நம்பி, சிவபாதம் தன் மகளின் கலியாணத்தை நகரசபையில் பதினைந்து பேரோடு முடித்தார். “பஸ்ஸுக்கு நிக்கிற வரிசையிலை இதைவிடக் கூட ஆக்கள் நிப்பினம்,” என்றார் ஆனந்தராஜா. அந்த வசனம் நன்றாக அமைந்துவிட்டதால், ஒரு வாரம் முழுக்கத் தன் பேருந்தில் ஏறிய தமிழர் அத்தனை பேருக்கும் அதைச் சொன்னார்.

அது நடந்து இரண்டு வருடம். இப்போது ஒரு வருடமாக அவர் வீட்டுக்கு ஒரு அழைப்பிதழ்கூட வரவில்லை. விபோர்க்கில் தமிழ்ப் பிள்ளைகள் கலியாணம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள் என்று அவருக்கு உண்மையாகவே கவலை.

“ஊர் என்ன சொல்லும் எண்டு யோசிச்சனியோ?” என்றார்.

“எந்த ஊர்?” என்று சாரங்கி டேனிஷில் கேட்டாள். பிறகு தமிழுக்கு வந்தாள். “அப்பா, எனக்கு மண்டபம் வேண்டாம், குதிரை வேண்டாம். நீங்கள் என்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகவேணும். அதுமட்டும் காணும்.”

அவருக்கு நெஞ்சு இளகித்தான் போனது. அடுத்த நாள் காலை சிவபாதம் பேருந்தில் ஏறும்வரை அது இளகியே இருந்தது.

“மகளுக்குச் சரிவந்திட்டுதாம்?” என்றார் சிவபாதம், பயண அட்டையைக் காட்டியபடி. “கலியாணம் எப்ப?”

“இப்ப சும்மா எழுத்துப் பதிவு மட்டும்தான் அண்ணை. கலியாணம் வாற வருசம், பெரிசாச் செய்வம்.”

“எந்த மண்டபம்?”

பின்னால் நான்கு பேர் ஏறக் காத்திருந்தார்கள். யோசிக்க நேரம் இருக்கவில்லை. “ஹேர்னிங்கிலை, அந்தப் பெரிய மண்டபம்.”

அந்த மண்டபத்துக்கு மணவறை சோடிப்பது சிவபாதத்தின் மைத்துனர். மத்தியானமே சிவபாதத்திடமிருந்து தொலைபேசி வந்தது.

“தம்பி, உங்கட பேரிலை அங்கை ஒண்டும் பதியேல்லையாம்.”

“அது எங்களுக்குச் சின்னனாப் போச்சு, அண்ணை. நானூறு பேருக்கு மேலை கொள்ளாதாம். கொப்பன்ஹேகன் பக்கம் பாக்கிறம்.”

நானூறு கொள்ளாது என்ற சொல் சனிக்கிழமைக்குள் எண்ணூறு ஆனது. ஞாயிற்றுக்கிழமை அது கனடாவைப் போய்ச் சேர்ந்தது.

“அண்ணா, எண்ணூறு பேரைக் கூப்பிடுறியள், சொந்தத் தங்கச்சியை மறந்திட்டியள்,” என்று தொரொன்ரோவிலிருந்து விமலராணி அழுதாள். “நான் கோவிக்கேல்லை. பதினொரு பேர் வாறம். மகனுக்கு லீவும் கேட்டாச்சு.”

எண்ணூறு பேர்க் கலியாணத்துக்கு வருகிற பதினொரு பேரைப் பன்னிரண்டு பேர்க் கலியாணத்தில் எங்கே இருத்துவது? “ரிக்கெற் எடுத்திடாதை,” என்றார் ஆனந்தராஜா. “தள்ளிப்போட்டிருக்கு. ஒரு சின்னப் பிரச்சினை.”

“என்ன பிரச்சினை?”

“அதை இப்ப சொல்லேலாது.”

சொல்லக்கூடிய பிரச்சினை என்றால் விபோர்க்குக்குத் திரும்பி வர ஒரு வாரம் பிடித்திருக்கும். சொல்ல முடியாத பிரச்சினை என்றபடியால் இரண்டே நாளில் வந்தது. மனைவி சுசீலாதேவியோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் றோசலின், கேக் ஒன்றோடும் தாழ்ந்த குரலோடும் வீட்டுக்கு வந்தாள்.

“எல்லாம் நல்லதுக்கெண்டு நினையுங்கோ, அண்ணை. கலியாணம் இப்பவே குழம்பினது நல்லது. நோர்வேயிலை ஒரு பல் டொக்டர் இருக்கிறார். முதல் கலியாணம் சரிவரேல்லை, மற்றபடி தங்கமான பொடியன்.”

குசினிக்குள் இருந்து யதுர்சன் தேநீர்த் தட்டோடு வந்தான். “வணக்கம், அன்ரி. ஆருக்கு மாப்பிள்ளை பாக்கிறியள்?”

றோசலின் தேநீரைக் குடிக்காமலே போனாள். கேக்கை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

சாரங்கி கோபம் வந்தால் டேனிஷில்தான் பேசுவாள். அன்றைக்குப் பத்து நிமிடம் டேனிஷில் பேசினாள். ஆனந்தராஜாவுக்கு அதெல்லாம் பேருந்துப் பயணிகளிடம் கேட்டுப் பழகிய சொற்கள்தான். கடைசியில் ஒன்றே ஒன்றைத் தமிழில் சொன்னாள்.

“நீங்கள் வராட்டில், அப்பா, நான் தனிய நடந்து போவன்.”

அவருக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு பனியில் பள்ளிக்கூடம் கொண்டுபோன மனிதர், நான்கு பேரின் வாய்க்குப் பயந்து இப்படி நிற்கிறாரே என்று தன்னையே நொந்துகொண்டார். நொந்து முடிந்ததும் ஒரு நிபந்தனை வைத்தார்.

“வாறன். ஆனால் விபோர்க் வேண்டாம். எங்கட ஆக்கள் ஒருத்தரும் காணாத இடமா இருக்கவேணும்.”

“அப்ப ஓகூஸிலை வைப்பம்,” என்றாள் சுசீலாதேவி. “அங்கத்தைய றோட்ஹூஸிலை நல்ல பூவெல்லாம் வைச்சிருப்பினமாம். றோசலின் முந்தி ஒருக்காச் சொன்னவ.”

“அவ எதுக்கு அங்கை போனவ?”

“நான் கேக்கேல்லை.”

ஓகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேரும் நான்கு கார்களில், நான்கு வேறு நேரங்களில் புறப்பட்டார்கள். ஏற்பாடு ஆனந்தராஜாவுடையது. நல்ல வெயிலில் சுசீலாதேவி பட்டுச் சேலைக்கு மேல் மழைக் கோட்டுப் போட்டிருந்தாள். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நகரசபைத் தூண் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களை உள்ளே விட்டார். காவலாளி அவரை இரண்டு தரம் பார்த்தான்.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. சாரங்கி கையை நீட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கையைப் பிடித்தார். நடக்க இருந்தது பத்து அடிதான். அதற்குள் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பதிவாளர் அம்மா இரண்டு பேரையும் கேட்டார், இரண்டு பேரும் சம்மதம் சொன்னார்கள். சுசீலாதேவியின் கைப்பைக்குள் இருந்து தாலி வந்தது. சாரங்கி சிரித்துக்கொண்டே அழுதாள். எல்லாம் பதினொரு நிமிடத்தில் முடிந்தது என்று பிறகு யாரோ சொன்னார்கள். எந்தக் கலியாணத்திலும் மணிக்கூட்டைப் பார்க்கிற ஆனந்தராஜா இதில் பார்க்க மறந்துபோனார். வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு கலியாணத்தில் சொல்ல அவருக்கு ஒரு குறையும் அகப்படவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் சுசீலாதேவி வடைப் பெட்டியைத் திறந்தாள். முதல் வடையைப் பதிவாளர் அம்மாவிடம் நீட்டினாள். அவர் நடுத்துளைக்குள் விரலைக் கொடுத்து லாவகமாக எடுத்தார்.

“வடை. எனக்கு நல்ல விருப்பம்,” என்றார் டேனிஷில்.

“உங்களுக்கு இது தெரியுமா?” என்றாள் சுசீலாதேவி.

“ஒரு வருடத்துக்குள் விபோர்க்கிலிருந்து வந்த ஆறாவது தமிழ்க் கலியாணம் இது. எல்லோரும் வடை கொண்டுவருவார்கள்.”

ஆறு. அப்படியென்றால் ஐந்து கலியாணம் அவருக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. ஆனந்தராஜாவுக்குள் கொஞ்ச நேரமாகத் தூங்கிய நீதிபதி எழுந்து உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டு கேட்டார்.

“சொந்த ஊரிலை ஒரு நகரசபை இருக்க, இவ்வளவு தூரம் ஒளிச்சு வந்து கலியாணம் முடிக்க அவைக்கு என்ன வந்தது?”

கேட்டுக்கொண்டே இடது கையில் தாளை விரித்தார். வடை தாளில் இருந்தது. இரண்டு விரல் வடைக்கு மேல் வந்தது.

பதிவாளர் அம்மா அதைக் கவனிக்கவில்லை. சுசீலாதேவி பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

“உங்கள் ஊரில் ஒரு பேருந்துச் சாரதி இருக்கிறாராமே, வடையைத் தாளில் வைத்து அமத்தி எண்ணெய் பார்க்கிறவர். நீங்களும் அவருக்குப் பயந்துதானே வந்தீர்கள்?”